மூன்றாவது ஓட்டு எந்த மலைப்பாதையில் வரும்?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, குன்னூரில் அதன் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சர்வர். கொழுந்து எடை, விவசாயிகளின் பற்று வரவு, கொடுத்த முன்பணம், ஏலத்துக்குப் போன தூளின் கணக்கு எல்லாம் அவற்றில்தான். ஒன்று படுத்துவிட்டால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டையும் கிளஸ்டராகக் கட்டுகிறார்கள். ஊட்டியிலும் கூடலூரிலும் கிளை வைத்திருக்கும் மருத்துவமனைக்கும், இரண்டு வளாகத்தில் நடக்கும் உறைவிடப் பள்ளிக்கும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

கட்டும்போது ஒரு கேள்வி வரும். "ரெண்டு சர்வர் வாங்கியாச்சுங்க சார், அப்புறம் எதுக்கு மூணாவதா ஒண்ணு?" காசு கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார். அவருக்கு முதலில் சொல்ல வேண்டியது, மூன்றாவதாகத் தேவைப்படுவது ஓர் ஓட்டு மட்டும்தான் என்பது. அந்த ஓட்டை ஏறக்குறைய செலவே இல்லாமலும் வாங்கலாம், சில லட்சம் கொடுத்தும் வாங்கலாம். சமவெளியில் இந்த முடிவை விலைப்பட்டியலைப் பார்த்தே எடுத்துவிட முடியும். மலையில் முடியாது என்பது என் கட்சி. இங்கே முதலில் விசாரிக்க வேண்டியது அந்த ஓட்டு எந்தக் கேபிள் வழியாக, எந்தச் சாலை ஓரமாக வந்து சேர்கிறது என்பதை.

பாதிக்கு மேல் ஏன்?

கிளஸ்டரில் உள்ள சர்வர்கள் ஓயாமல் ஒன்றையொன்று தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். விண்டோஸ் சர்வர் 2016-இல், இயல்பான அமைப்பில் நொடிக்கு ஒரு தட்டல். ஒரே சப்நெட்டில், அதாவது நெட்வொர்க்கின் ஒரே பகுதியில், தொடர்ந்து 10 தட்டலுக்குப் பதில் இல்லையென்றால் எதிராளி போய்விட்டதாக முடிவு கட்டும். வேறு சப்நெட் என்றால் 20. பதில் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். கோத்தகிரி சர்வர் உண்மையிலேயே அணைந்திருக்கலாம். அல்லது அது நன்றாக ஓடிக்கொண்டிருக்க, நடுவில் எங்கோ மரம் விழுந்து கேபிள் அறுந்திருக்கலாம். குன்னூரிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரண்டாவது காரணமாக இருந்து, இரண்டு சர்வரும் 'மிஞ்சியது நான்தான்' என்று வேலையைத் தொடங்கிவிட்டால் அதற்குப் பெயர் ஸ்பிளிட்-பிரெயின். ஒரு விவசாயிக்குக் குன்னூர் அலுவலகத்தில் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துப் பதிகிறார்கள். அதே மதியம் தொழிற்சாலையில் அவருடைய கொழுந்து எடையைப் போட்டு, பழைய பாக்கியைக் கழித்து, மிச்சத்தைப் பட்டுவாடா செய்கிறார்கள். இரண்டு ரசீதுக்கும் ஒரே எண். மாலையில் கேபிள் சரியானதும் இரண்டு கணக்கும் எதிரெதிரே நிற்கும். இரண்டுமே உண்மையாக நடந்தவை என்பதால் ஒன்றைத் தள்ளவும் முடியாது. பாக்கித் தொகை எது முந்தி நடந்தது என்பதைப் பொறுத்தது என்பதால் இரண்டையும் அப்படியே ஒட்டவும் முடியாது. கணக்குப்பிள்ளை உட்கார்ந்து ரசீது ரசீதாகப் பார்க்க வேண்டும். சர்வர் அரை நாள் நின்றுபோவது இதைவிட எவ்வளவோ மேல்.

இதைத் தடுக்கிற விதிதான் கோரம். கூட்டுறவுச் சங்கப் பேரவைக்குப் போனவர்களுக்கு அது பழக்கம்: இத்தனை பேர் வந்தால்தான் தீர்மானம் செல்லும். கிளஸ்டரிலும் அதேதான், ஒரு வித்தியாசத்தோடு. சங்கத்தின் துணைவிதி அனுமதித்தால் கோரம் பாதிக்குக் குறைவாகவும் இருக்கலாம். எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பதால் ஆபத்தில்லை. கிளஸ்டரோ மண்டபத்தின் நடுவே எந்த நேரமும் சுவர் எழும்பிவிடக்கூடிய கூட்டம். சுவரின் இரண்டு பக்கமும் தனித்தனித் தீர்மானம் போட்டுவிடக் கூடாது. ஆகவே மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அது மட்டும் தொடரும், மற்றது கையைக் கட்டிக்கொள்ளும். பாதிக்கு மேல் இரண்டு பக்கத்திலும் இருக்க முடியாதல்லவா? மொத்த ஏற்பாடும் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மூன்று ஓட்டுக்கு இரண்டு தேவை, ஐந்துக்கு மூன்று. நான்குக்கும் மூன்றுதான், ஆக நான்காவது சர்வர் வாங்கினாலும் தாங்கக்கூடிய இழப்பு, மூன்று இருந்தபோது தாங்கிய அதே ஒன்று. இரண்டு ஓட்டுக்கு இரண்டும் வேண்டும். அதாவது இரண்டு சர்வர் மட்டும் உள்ள கிளஸ்டரில் எது போனாலும் எல்லாம் நிற்கும். தரவு பத்திரமாக இருக்கும், ஆனால் ஒரே சர்வர் வைத்திருந்த நாளைவிட அடிக்கடி நிற்கும்.

சாட்சி இல்லாமல் ஓட்டுவது

அந்த மூன்றாவது ஓட்டைப் போடுவதற்குச் சாட்சி என்று பெயர். முதல் தேர்வு, மூன்றாவது ஓட்டே வேண்டாம் என்பது. அதற்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன.

விண்டோஸ் சர்வர் 2012-இல் டைனமிக் கோரம் வந்தது. சர்வர்கள் ஒவ்வொன்றாக விலக விலக, மொத்த ஓட்டையும் அது குறைத்துக்கொண்டே வரும். சாட்சி இல்லாமல் இரண்டு சர்வர் மட்டும் மிஞ்சினால், அவற்றில் ஒன்றின் ஓட்டைத் தானே எடுத்துவிடும். ஓட்டு இல்லாதது திடீரென்று போனால் மற்றது தொடரும். ஓட்டு உள்ளது திடீரென்று போனால் இரண்டும் நிற்கும். முறையாக ஷட்டவுன் செய்தால் ஓட்டைக் கைமாற்றிவிட்டுப் போகும் என்பதால், பராமரிப்பு வேலைக்கு இது போதுமானது. மழைக்காலத்தில் மின்சாரம் சொல்லிக்கொண்டா போகிறது?

லினக்ஸ் பக்கம், சர்வர்களைத் தங்களுக்குள் பேசவைக்கும் கோரோசிங்க் நிரலில் இரண்டு சர்வருக்கென்றே ஓர் அமைப்பு உண்டு. அதில் ஒவ்வொரு சர்வரும் தனியாகவே கோரம் உள்ளதாகக் கருதப்படும். அப்படியானால் ஸ்பிளிட்-பிரெயினைத் தடுப்பது யார்? ஃபென்சிங். எதிராளியின் பதில் நின்றதும், அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, துண்டித்தது உறுதியான பிறகே வேலையை எடுப்பது. சர்வரின் போர்டிலேயே இருக்கும் ஐலோ, ஐடிராக் போன்ற மேலாண்மைச் சிப் வழியாகத்தான் பெரும்பாலும் இந்தத் துண்டிப்பு நடக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் மற்றதைச் சுட்டுவிடாமல் இருக்க ஒன்றுக்குச் சில விநாடி தாமதம் வைப்பார்கள்.

ஒரே அறையில் இரண்டு சர்வர், நடுவே நேரடிக் கேபிள் என்றால் இது அருமையாக வேலை செய்யும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே சரிப்படாது. அறுந்த அதே கேபிளில்தான் அந்தச் சிப்புக்கும் போக வேண்டும். துண்டித்தது உறுதியாகாதவரை, கோரோசிங்க்கின் மேல் வேலைகளை நடத்தும் பேஸ்மேக்கர் நிரல் எதையும் தொடாமல் காத்திருக்கும். காத்திருப்பது சரியான நடத்தைதான், ஆனால் நாம் கிளஸ்டர் கட்டியது அதற்காக இல்லை. கோத்தகிரியில் மின்சாரமே போயிருந்தால் இன்னும் வேடிக்கை: சர்வரோடு சேர்ந்து சிப்பும் அணைந்திருக்கும். செத்த சர்வரைச் செத்ததாக உறுதிசெய்ய வழியில்லாமல் உயிரோடிருக்கும் சர்வர் திகைத்து நிற்கும்.

டிஸ்க் சாட்சி, ஃபோல்டர் சாட்சி

பகிர்ந்த சேமிப்பகத்தில் ஒரு சிறு டிஸ்க்கை ஒதுக்கி அதற்கு ஓர் ஓட்டுக் கொடுப்பது பழைய முறை. விண்டோஸில் 512 எம்பி போதும். இதன் பலம், கிளஸ்டரின் அமைப்புத் தகவல் முழுவதன் பிரதியும் அதிலேயே இருப்பது. இரண்டு சர்வரும் ஒரே கட்டடத்தில், ஒரே சேமிப்புப் பெட்டியோடு இணைந்திருந்தால் இதைவிட வேறு தேட வேண்டாம். இரண்டு ஊருக்கு இது ஒத்துவராது. டிஸ்க் ஏதோ ஓர் ஊரில்தான் இருக்க முடியும். சர்வர்களின் சொந்த டிஸ்க்குகளையே பொதுச் சேமிப்பகமாகச் சேர்க்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் போட்டவர்களுக்கு டிஸ்க் சாட்சி அனுமதிக்கப்படுவதும் இல்லை.

ஃபைல் ஷேர் சாட்சி என்பது எங்கோ ஒரு கணினியில் பகிர்ந்து வைத்த ஃபோல்டர். 5 எம்பி காலி இடம் இருந்தால் போதும். பல சர்வர்களின் ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டும் டிஎஃப்எஸ் பாதையில் மட்டும் வைக்கக் கூடாது. மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. விண்டோஸ் சர்வர் 2019-இலிருந்து டொமைன் இல்லாத சாதனத்திலும் வைக்கலாம், ரவுட்டரில் செருகிய யுஎஸ்பி டிரைவ்கூட ஆகும்.

டிஸ்க்குக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஃபோல்டரில் அமைப்புத் தகவலின் பிரதி இருக்காது. கடைசியாக யார் கையில் புதிய பிரதி இருந்தது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். கோத்தகிரி அணைந்திருந்த நேரத்தில் குன்னூரில் கிளஸ்டர் அமைப்பை மாற்றுகிறீர்கள். பிறகு குன்னூர் அணைகிறது, கோத்தகிரி எழுகிறது. டிஸ்க் சாட்சி என்றால் கோத்தகிரி புதிய தகவலை டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டு தொடரும். ஃபோல்டர் சாட்சி என்றால், தன்னிடம் இருப்பது பழசு என்று மட்டும் தெரிந்துகொண்டு எழ மறுக்கும். தரவைக் காக்கிறது, சேவை கிடைப்பதை விட்டுக்கொடுக்கிறது. கீழே வரும் கிளவுட் சாட்சியும் இந்த விஷயத்தில் ஃபோல்டரைப் போலத்தான்.

இதை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். குன்னூர் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) இருக்கும், அதிலேயே போட்டுவிடுவார்கள். இப்போது மூன்று ஓட்டில் இரண்டு குன்னூரில். கோத்தகிரி விழுந்தால் குன்னூர் தொடரும். குன்னூர் விழுந்தால் கோத்தகிரி நல்ல உடம்போடு இருந்தும் நிற்கும். குன்னூர்தான் தலைமை என்று தெரிந்தே செய்திருந்தால் தவறில்லை. பெரும்பாலும் தெரியாமல்தான் செய்கிறார்கள்.

கிளவுட் சாட்சியும் மலையின் கேபிள்களும்

விண்டோஸ் சர்வர் 2016 முதல், மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி அதையே சாட்சியாக வைக்கலாம். கிளஸ்டருக்கு ஒரு சிறு கோப்பு, நிலை மாறும்போது மட்டும் அதில் எழுதும், செலவு பொருட்படுத்தும் அளவுக்கு வராது. 443 போர்ட்டில் வெளியே போக வழி இருந்தால் போதும், விபிஎன் வேண்டாம். அஷூரின் தென்னிந்திய மையம் சென்னையில் இருக்கிறது. மூன்றாவது இடம் இல்லாத சிறு நிறுவனத்துக்கு, தாளில் பார்த்தால் இதற்கு மேல் தேர்வே இல்லை.

மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர இரண்டு மலைப்பாதை: பர்லியார் வழியாகக் குன்னூருக்கு ஒன்று, குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரிக்கு இன்னொன்று. ஃபைபர் கேபிள்கள் பெரும்பாலும் சாலையை ஒட்டியே போகின்றன, மண்ணுக்குள் அல்லது கம்பத்தில். சாலை சரிந்தால் கேபிளும் சரியும். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த அளவு இல்லாவிட்டாலும், வடகிழக்குப் பருவமழையில் ஒரு மரமோ ஒரு பாறையோ சாலையில் கிடக்காத வருடம் இல்லை. சாலையைச் சரிசெய்ய வரும் ஜேசிபியே கேபிளை வெட்டுவதும் உண்டு.

இனி மூன்று கோடுகளை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்: குன்னூர்–கோத்தகிரி, குன்னூர்–சாட்சி, கோத்தகிரி–சாட்சி.

மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் கேபிள் எல்லாமே போய்விட்டது, ஆனால் குன்னூரும் கோத்தகிரியும் ஒன்றையொன்று பார்க்கின்றன என்று வையுங்கள். சாட்சி யாருக்கும் எட்டாது. கவலையில்லை. மூன்றில் இரண்டு ஓட்டு மலைமேலேயே இருக்கிறது, வேலை தொடரும். சாட்சி தனியாகத் தொலைந்தால் கிளஸ்டர் கண்டுகொள்வதில்லை. கிளவுட் சாட்சி வைத்தால் இன்டர்நெட் போனதும் சர்வரும் நின்றுவிடும் என்று பயப்படுபவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள்.

குன்னூர்–கோத்தகிரி மட்டும் அறுந்தால் சாட்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தொடரும். கோத்தகிரி முழுவதுமாகத் துண்டிக்கப்பட்டால் குன்னூரும் சாட்சியும் சேர்ந்து தொடரும். இவை இரண்டும் நாம் விரும்புவதே.

வலிக்கிற நிலை ஒன்றுதான்: மூன்று கோடும் ஒன்றாகப் போவது. மலையில் இது எளிதாக நடக்கும். காரணம், பல இடங்களில் குன்னூர்–கோத்தகிரி என்று தனிக் கோடே கிடையாது. இரண்டு ஊரிலும் ஒரே நிறுவனத்தின் பிராட்பேண்டை வாங்கி, அதன் மேல் விபிஎன் போட்டிருப்பார்கள். சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரம். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 5 மைக்ரோ விநாடி, ஆக நேர்க் கேபிளாக இருந்தால் போய்வர கால் மில்லி விநாடிகூட ஆகாது. அதே இரண்டு ஊருக்கும் நடுவே பிங் போட்டால் பல மில்லி விநாடி காட்டுகிறதா? அப்படியானால் உங்கள் தரவு பெரும்பாலும் சமவெளிக்கு இறங்கி ஏறி வருகிறது என்று அர்த்தம். மலைப்பாதையில் ஒரு வெட்டு விழுந்தால் இரண்டு சர்வரும் ஒன்றையொன்றும் பார்க்காது, சாட்சியையும் பார்க்காது. இரண்டும் நிற்கும்.

ஆகவே காசை முதலில் செலவழிக்க வேண்டியது சாட்சியில் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே மலைமேலேயே ஓடும் ஒரு கோட்டில். உள்ளூர் லீஸ்டு லைன் கிடைத்தால் அது. இல்லையென்றால் 5 ஜிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு, நேர்ப்பார்வை இல்லாத இடத்தில் நடுவே ஒரு ரிலே. இந்த வயர்லெஸ்ஸைப் பற்றி இங்கே ஒரு வதந்தி உண்டு, மூடுபனி இறங்கினால் லிங்க் போய்விடும் என்று. இந்த அலைவரிசையில் பனிமூட்டம் ஒன்றும் செய்யாது, மழைகூடப் பெரிதாகச் செய்யாது. பத்து ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால்தான் மழையின் தொல்லை. உண்மையான எதிரி மரம். வைக்கும்போது தாழ்வாக இருந்த சில்வர் ஓக் சில வருடத்தில் வளர்ந்து பார்வைக் கோட்டில் நிற்கும், மழையில் இலை நனைந்ததும் சிக்னல் விழும். பனியும் மழையும் சேர்ந்து வருவதால் பழி பனி மேல் விழுகிறது.

அடுத்து, குன்னூருக்கு ஒரு நிறுவனம், கோத்தகிரிக்கு வேறொரு நிறுவனம் என்று இன்டர்நெட் வாங்குங்கள். வாங்கும்போது ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: உங்கள் கேபிள் எந்தச் சாலை வழியாகக் கீழே இறங்குகிறது? இரண்டு நிறுவனமும் ஒரே மூன்றாம் நிறுவனத்தின் ஃபைபரை வாடகைக்கு எடுத்திருப்பது வழக்கமானது. பில் இரண்டு, கேபிள் ஒன்று. 4ஜி டாங்கிளை மாற்றாக வைப்பவர்களும் இதையே கேட்க வேண்டும், டவருக்கும் ஏதோ ஒரு கேபிள் அல்லது மைக்ரோவேவ் வழியாகத்தான் இணைப்பு வருகிறது.

கூடலூரில் ஒரு சிறு பெட்டி

சொந்தமாக மூன்றாவது கிளை இருப்பவர்களுக்கு இன்னொரு தேர்வு உண்டு. லினக்ஸ் அல்லது அதன் மேல் மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் மூன்றாவது இடத்தில் கியூநெட்டி என்ற சிறு நிரலை ஓடவிட்டு அதை ஓட்டாகச் சேர்க்கலாம். ராஸ்பெர்ரி பை அளவு கணினி போதும். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கோரோசிங்க் இணைப்புக்கு 5 மில்லி விநாடிக்குள் தாமதம் இருக்க வேண்டும் என்கிறது ப்ராக்ஸ்மாக்ஸ். கியூநெட்டிக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. டிசிபி 5403 போர்ட் எட்டினால் போதும், தாமதம் கூடுதலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரே பெட்டி பல கிளஸ்டர்களுக்கு ஓட்டுப் போடவும் செய்யும். சர்வர் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும்போது மட்டும் இதைச் சேருங்கள். ஏற்கெனவே மூன்று சர்வர் இருக்கும் இடத்தில் சேர்த்தால், அந்தப் பெட்டியே தவறவிடக் கூடாத பெட்டியாகிவிடும்.

எந்தக் கிளையில் வைப்பது? என் தேர்வு கூடலூர் அல்லது பந்தலூர். அங்கே தென்மேற்குப் பருவமழைதான் கடுமை. ஜூன் முதல் செப்டம்பர் வரை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதும் அந்தப் பருவத்தில்தான். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு ஆபத்து அக்டோபருக்குப் பிறகு. ஆக, இரண்டு சர்வரும் அடிபடும் மாதத்தில் சாட்சிக்கு ஆபத்து குறைவு, சாட்சி அடிபடும் மாதத்தில் சர்வர்களுக்குக் குறைவு. கூடலூரிலிருந்து மைசூருக்கும், நாடுகாணி வழியாகக் கேரளத்துக்கும் சாலை உண்டு என்பதால், கேபிளும் அப்படி வெளியேறுகிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. எல்லாம் ஊட்டி வழியாகவே திரும்பி வந்தால் இந்த லாபம் பாதிதான்.

இதன் குறை, பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். யாரோ ஒருவர் செல்போன் சார்ஜ் போட அதன் பிளக்கைப் பிடுங்குவார். சாட்சி செத்து மூன்று மாதமானது யாருக்கும் தெரியாது, சர்வர் சாகும் நாளில்தான் தெரியும். கிளவுட் சாட்சிக்கு இந்தத் தொல்லை இல்லை என்பதால், கிளையில் பொறுப்பான ஆள் இல்லாதவர்கள் அதோடு நின்றுகொள்வதே நல்லது.

மூன்றாவதாக முழு சர்வரே வாங்கலாமா என்றால், காசும் நல்ல இணைப்பும் இருந்தால் வாங்கலாம். தரவின் பிரதியும் மூன்றாகும். பல சர்வரில் கன்டெய்னர்களை ஓட்டும் குபர்நெட்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் இல்லை, அதன் அடியில் இருக்கும் இடிசிடி என்ற தரவுத்தளத்துக்குச் சாட்சி என்ற வசதி கிடையாது, மூன்றோ ஐந்தோ முழு உறுப்பினர்கள் வேண்டும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பெரும்பான்மையின் டிஸ்க்கில் விழுந்த பிறகே உறுதியாகும். இயல்பு அமைப்பில் 100 மில்லி விநாடிக்கு ஒரு தட்டல், ஒரு விநாடி மௌனத்தில் புதுத் தலைவர் தேர்தல். விட்டு விட்டு வரும் வயர்லெஸ் லிங்க்கில் இது நாள் முழுக்கத் தேர்தல் நடத்திக்கொண்டிருக்கும். மூன்றையும் ஒரே கட்டடத்தில் வையுங்கள்.

கோரம் எதைக் காக்காது

கோரம் சரியாக வேலை செய்தும் தரவு கெடலாம். 2018 அக்டோபர் 21-ஆம் தேதி, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நடந்தது அதற்குச் சான்று. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு ஆப்டிகல் கருவியை மாற்றும்போது இணைப்பு 43 விநாடி மட்டும் போயிற்று. பெரும்பான்மை இருந்த பக்கம் விதிப்படி கூடி, டேட்டாபேஸ் தலைமையை மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் அதற்குள் எழுதப்பட்டவற்றில் சில மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் மற்றதிடம் இல்லாத பதிவுகள். சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. ஓட்டெடுப்பில் பிழையில்லை. பிரதி எடுப்பது உடனுக்குடன் நடக்காததே பிழை.

நம் உதாரணத்தில் அதன் பொருள் இதுதான்: ரசீது அச்சாகும் முன் பதிவு இரண்டு ஊரிலும் விழ வேண்டும். டிஸ்க்கை இன்னொரு சர்வருக்குப் பிரதி எடுக்கும் விண்டோஸின் ஸ்டோரேஜ் ரெப்ளிகாவில் அப்படிச் செய்ய, போய்வரும் நேரம் 5 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது பரிந்துரை. மலைமேல் நேர்க் கோடு இருந்தால் எளிது. சமவெளி சுற்றி வரும் விபிஎன்னில் சந்தேகம். எட்டவில்லையென்றால் தானியங்கி மாற்றத்தையே அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, கட்டாயக் கோரம். எல்லாக் கோடும் அறுந்து இரண்டும் நின்றபின், ஒரு பக்கத்தை மட்டும் வற்புறுத்தி எழுப்ப விண்டோஸிலும் ப்ராக்ஸ்மாக்ஸிலும் கட்டளை இருக்கிறது. கொழுந்து லாரி வாசலில் நிற்கும்போது அதைத் தட்டத் தோன்றும். இரண்டு ஊரிலும் இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டினால், இத்தனை செலவில் தடுத்து வைத்த ஸ்பிளிட்-பிரெயினைக் கையாலேயே வரவழைத்ததாகும். யார் தட்டலாம் என்பதை ஒரே ஒரு ஆளோடு நிறுத்துங்கள். மற்ற ஊரில் இருப்பவரிடம் அந்தப் பாஸ்வேர்டே இருக்கக் கூடாது.

எதைத் தேர்வது

நேராகவே சொல்கிறேன். மலையில் பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு ஊர் தாண்டிய கிளஸ்டர் தேவையில்லை. இரண்டு சர்வரையும் ஒரே கட்டடத்தில் வைத்து, டிஸ்க் சாட்சியோ கிளவுட் சாட்சியோ கொடுத்து, அடுத்த ஊருக்குச் சில நிமிடத்துக்கு ஒருமுறை பிரதி அனுப்பினால் போதும். கட்டடமே போகும் நாளில் ஒரு மனிதர் முடிவெடுத்து அடுத்த ஊரில் எழுப்பட்டும். எடை போடும் கைக்கருவி அரை நாள் பதிவைத் தானே வைத்துக்கொள்ளும் என்றால், தொழிற்சாலைக்கு இதில் நட்டமே இல்லை.

அவசரப் பிரிவு நடத்தும் மருத்துவமனை போன்றவர்களுக்கு இரண்டு ஊரிலும் ஓடியே ஆக வேண்டும். அவர்கள் முதலில் மலைமேல் நேர்க் கோட்டை வாங்கட்டும், பிறகு கிளவுட் சாட்சி. மூன்றாம் கிளையும் பொறுப்பான ஆளும் இருந்தால் அங்கே ஒரு பெட்டி. நேர்க் கோடும் இல்லை, இரண்டு ஊரிலும் ஒரே நிறுவனத்தின் இன்டர்நெட்தான் என்பவர்கள் எந்தச் சாட்சி வைத்தாலும் பலன் ஒன்றுதான். காசை மிச்சம் பிடித்து நல்ல பேக்கப் எடுங்கள். விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 2012 ஆர்2 முதல் சாட்சியின் ஓட்டைத் தேவைக்கேற்பக் கிளஸ்டரே சேர்க்கும், எடுக்கும். அதனால் சர்வர் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று யோசிக்காமல் எப்போதும் ஒரு சாட்சியை வைத்துவிடலாம்.

கட்டி முடித்ததும், மழை தொடங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். முதலில் சாட்சிக்குப் போகும் வழி: எதுவும் நிற்கக் கூடாது, ஆனால் எச்சரிக்கைச் செய்தி யாருக்காவது வர வேண்டும். பிறகு ஊர்களுக்கு நடுவே உள்ளது: ஒன்று மட்டும் நிற்க வேண்டும், அது நீங்கள் நினைத்த பக்கமாக இருக்க வேண்டும். பிறகு இரண்டும் சேர்த்து: இரண்டு சர்வரும் நிற்க வேண்டும். நிற்காமல் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்திவிட்டு அமைப்பை முதலிலிருந்து பாருங்கள். கடைசியாகக் கட்டடத்தின் மெயின் சுவிட்சை அணையுங்கள். சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடும். மூலையில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சும் மீடியா கன்வெர்ட்டரும் சாதாரண பிளக்கில் இருந்தால், சில விநாடியில் அந்தச் சர்வர் தன்னைத் தனித்துவிடப்பட்டதாக எண்ணி வேலையை விட்டுவிடும். அவற்றுக்கும் யுபிஎஸ்ஸிலிருந்து ஒரு வயர் இழுக்க எலக்ட்ரீஷியனை அன்றைக்கே கையோடு வைத்திருங்கள்.